பூஜையில் வைத்த பதினாறு எம்.பி.

மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதையே தேடுகிற வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் இதைச் சொல்லலாம். இன்றைய பிள்ளைகளிடம் பதினாறு எம்.பி. என்றால் சிரிப்பார்கள். அவர்கள் எடுக்கிற நாலு போட்டோவுக்குக் காணாது. எங்கள் வீட்டில் ஒரு துர்காஷ்டமிக்கு அந்தப் பதினாறு எம்.பி.யை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பெருமைக்குச் சொல்லவில்லை. என் அக்காவின் வாழ்க்கை அந்த இடத்தில்தான் திரும்பியது. திருப்பியது என் கை.

அப்போது நாங்கள் திருவனந்தபுரம் கரமனையில் இருந்தோம். ஆற்றுக்குப் போகிற இறக்கத்தில் ஓட்டு வீடு. துலா மாதம், நம் ஐப்பசி, வந்தால் மதியத்துக்கு மேல் தினமும் இடியும் மழையும்தான். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச்சாமான் கடை. கீல், தாழ்ப்பாள், பூட்டு, ஆணி. அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன் அவருடைய துரு வாசனை வந்துவிடும். எங்கள் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அப்பாவும் அம்மாவும் பேசினால் நாஞ்சில் தமிழ். அக்காவும் நானும் எங்களுக்குள் பாதிக்குப் பாதி மலையாளம் கலந்து பேசி அம்மாவிடம் திட்டு வாங்குவோம்.

எனக்குப் பதினொன்று. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தாள். படிப்பை முடிக்க வேண்டுமென்று அழுது வாங்கிய கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. சாம்பலும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம். அம்மா தன் பழைய பாவாடைத் துணியில் அதற்கு உறை தைத்திருந்தாள், சுற்றிலும் ரிப்பன் வைத்து. அதை ஓடவிட்டதும் உள்ளே காற்றாடி சுழலும். சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் அக்காவின் ஈரத் தலைமுடியும் கூடவே ஞாபகம் வருகிறது. குளித்த தலையைத் துவட்டாமல் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அவள் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுடைய கடைதான் அதில் இருந்தது. எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எந்தத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று படத்தோடு காட்டும். தேடுகிற சாமானின் பெயரை அடித்தால் அந்தத் தட்டு மட்டும் மஞ்சளாக மாற வேண்டும். இதற்காகக் கடைக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அலமாரிகளை நோட்டில் வரைந்துகொண்டு வருவாள். கடையில் ஒன்றைத் தேட அப்பா மூன்று தடவை ஏணி ஏறி இறங்குவார். அவருக்காகத்தான் செய்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. முடித்துவிட்டுக் காட்டலாம் என்றிருந்தாள்.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அவளைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூஜை விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமை, எழுதிய புரோகிராம் ஒன்றை ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரோ நாலாவது அலமாரிப் படம் வந்ததும் உறைந்து நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள பதினாறு எம்.பி. ராமோடு, அதாவது நினைவகத்தோடு, இன்னொரு பதினாறு சேர்த்தால் ஓடும் என்று அக்கா சொன்னாள். அதே வேளையில் நாகர்கோவிலிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வடசேரிப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். அப்பா இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு தீர்ப்பு சொன்னார்.

"நீ கேட்டதை வாங்கித் தாரேன். திங்கக்கெழமை போய்க் காட்டு. வேல கெடச்சா போ, நான் மறிக்க மாட்டேன். கெடைக்கலன்னா அத்தை சொன்ன எடம். பெறவு பேச்சு கெடையாது, கேட்டியா?"

"சரிப்பா. ஆனா மாட்டுகதுக்கு ஆளு வேண்டாம். நானே மாட்டுவேன்" என்றாள் அக்கா.

ஆணி அடிக்கத் தெரிந்தவனை மட்டுமே மதிக்கிற மனிதர் அப்பா. அவருக்கு உள்ளூர அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த ராம் பலகை அஷ்டமி அன்று மதியம் வந்தது. வெள்ளி மாதிரி மின்னுகிற கவர், உள்ளே பச்சைப் பலகை. அகலம் ஒரு விரல், நீளம் ஒரு சாண் கூட வராது. அதன் ஒரு விளிம்பு முழுக்க வரிசையாகத் தங்கப் பற்கள். இவ்வளவு சின்னதா என்று அம்மா வாய்விட்டே கேட்டாள். அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அப்பா தடுத்தார்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்? புதுச் சாமான்லா. சாயங்காலம் பூஜை வைக்கப் போறோம். அம்மன் முன்னால இருக்கட்டும், எடுத்த பெறவு மாட்டு."

"அப்பா, இப்பவே மாட்டினா ரெண்டு நாள் முழுசா கெடைக்கும்ப்பா. ஓட்டிப் பாக்கணும்."

"ரெண்டு நாள்ல ஒண்ணும் முங்கிப் போவாது."

அங்கே பூஜை வைப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அஷ்டமி மாலை புத்தகமும் தொழில் சாமானும் அம்மன் முன்னால் போய்விட்டால் விஜயதசமி காலைவரை யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. என்னைப்போன்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். செய்தித்தாளைக்கூட அப்பா பிரிக்காமல் மடித்து வைத்துவிடுவார். கம்ப்யூட்டரை அம்மா உறை போட்டு மூடி அதன்மேல் ஒரு செவ்வந்தியை வைத்தாள். அக்கா இரண்டு நாளும் தன் நோட்டைப் பூஜை அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

நவமி அன்று காலை அம்மா சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வேலையை என்னிடம் விட்டாள். நான் வைத்தேன். என் புத்தகங்கள், அப்பாவின் சுத்தியல், அம்மாவின் தையல் மெஷின், அக்காவின் ஸ்க்ரூ டிரைவர். அந்த வெள்ளிக் கவர்மேல் வைத்த சந்தனம் மட்டும் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி இறங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை சாமானுக்கு நடுவில் அக்காவுடையதை மட்டும் அம்மன் பார்க்காமல் போய்விட்டால்?

கவரைப் பிரித்தேன். தங்கப் பற்கள் இருந்த பக்கம்தான் அதன் முகம் என்று எனக்குத் தோன்றியது. துடைப்பத்து ஈர்க்கை ஒடித்து, சந்தனத்தில் தொட்டு, ஒரு பல் விடாமல் பொட்டு வைத்தேன். கடைசிப் பல்லில் மட்டும் துளிக் குங்குமம். அவ்வளவு பொறுமையாக என் வாழ்நாளில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அக்காவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்தேன். பிறகு கவரில் போட்டு இருந்தபடியே வைத்துவிட்டேன்.

விஜயதசமி சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம். அத்தை முந்தின நாளே வந்துவிட்டாள். பூஜை எடுத்து, அவலும் மலர்ப் பொரியும் சர்க்கரையும் தின்று, ஆளுக்கு ஒரு வரி அரிசியில் எழுதி முடிக்கவே மணி எட்டரை தாண்டிவிட்டது. "ராகு வாரதுக்கு முன்னால மாட்டி ஓட்டிரு மக்ளே" என்று அப்பா அவசரப்படுத்தினார். மழை மூட்டம், முன்னறையில் இருட்டு. அக்கா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, கவரிலிருந்து ராமை விளிம்பு பிடித்து எடுத்தாள். சந்தனம் காய்ந்து தங்கத்தோடு தங்கமாக இருந்தது. குங்குமம் அவள் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது. காலி இடத்தில் வைத்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் க்ளிக் என்று பிடித்துக்கொண்டது. அப்பா அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினார், நல்ல பூட்டு விழுந்த சத்தத்துக்கு ஆட்டுவதுபோல.

சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப் என்று நீளமாக ஒரு சத்தம். நின்றது. மறுபடி பீப். நின்றது. மறுபடி.

அணைத்தாள். கழற்றி மாட்டினாள். மறுபடி அதே சத்தம்.

"பொட்டப்பிள்ளைக்கு இந்த முடுக்குத வேல எல்லாம் எதுக்கு தம்பி?" என்றாள் அத்தை, அப்பாவைப் பார்த்து. அப்பாவின் முகம் சிவந்தது. தன் அக்கா முன்னால் தன் மகள் கெட்டிக்காரி என்று காட்ட நினைத்திருந்தார், பாவம்.

அக்கா மறுபடி ராமைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதும், கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த மழைக்காலத் தொடக்கத்தில்தான் அப்பாவின் ரசமட்டத்தை எடுத்து விளையாடி உடைத்திருந்தேன். அந்தக் கண்ணாடிக் குழாயில் இருந்த குமிழி எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றவளை அப்பா மரஸ்கேலால் அடித்ததில் ஒரு வாரம் கை வீங்கிக் கிடந்தது. அக்காதான் குறுக்கே விழுந்தாள். அதற்காக ஒரு நாள் முழுக்க அவள் சாப்பிடவில்லை.

"வெளிச்சத்தை மறைக்காதட்டி, மாறி நில்லு" என்றாள் என்னிடம். அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்குத்தான் கை பிசகிட்டுப்பா."

"மணி ஒம்பதாச்சு. இனி தொடாத. குடு இங்க, நான் ஆளுக்கிட்ட காட்டுகேன்."

"கவர்ல போட்டுத் தாரேன்" என்று அவள் உள்ளறைக்குப் போனாள். பூஜையில் எடுத்த புத்தகங்களெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தன. கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்து கவரை அப்பா கையில் கொடுத்தாள். "பத்தரைக்குப் பெறவு இன்னொருக்க மாட்டிப் பாக்கட்டாப்பா?" என்று கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

"நீ பாத்தது போரும்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை திறக்கப் போய்விட்டார். அந்த அறையில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றேன்.

அன்று சாயங்காலம் என் ரப்பர் காணாமல் போனது. வெளிர்பச்சையில் மீன் வடிவம். ஆப்பிள் வாசனை வருமே என்று வாலைக் கடித்துப் பார்த்ததில் என் பல் பதிந்த தடம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிநேகிதிதான் எடுத்தாள் என்று நான் போய் சண்டை பிடித்தேன். அவள் சத்தியம் பண்ணி அழுதாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு விளையாட வரவே இல்லை.

கம்ப்யூட்டர் சரிசெய்கிறவருக்குப் பூஜை விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் வந்தார். ஒரு தடவைகூட முழுசாக ஓட்டிப் பார்க்காத புரோகிராமைப் பிளாப்பியில் கொண்டுபோய்க் காட்டத் துணியாமல், திங்கட்கிழமை அக்கா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்குப் பேசினாள். கூடப் போனது நான். இன்னொரு நாள் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, பாவாடை நனையாமல் நடட்டி என்று என்னைத் திட்டிக்கொண்டே குடையைப் பிடித்தாள். குடை முழுக்க என் பக்கமே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவர் தம் கடையில் ஏற்கெனவே ராமைப் போட்டுப் பார்த்திருந்தார். எங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு மாட்டினார். உடனே ஓடியது.

"சாரே, சாதனத்துக்கு ஒரு கொழப்பமும் இல்லா கேட்டோ. மாட்டின ஆளுக்குப் பழக்கம் போரா, அத்தறே உள்ளூ" என்று சிரித்தார்.

சாமானில் குறையில்லை, மாட்டத் தெரியவில்லை. அப்பாவுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்கா கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. சாமான் நல்ல சாமான் என்றால் என் பொட்டு ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று ஓடிப்போய் விழுந்து கும்பிட்டேன்.

அன்று எல்லோரும் போன பிறகு அக்கா தன் புரோகிராமை ஓட்டினாள். நான் பின்னால் நின்றேன். அலமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, நாலாவதும் வந்தது, எட்டாவதும் வந்தது. எதுவும் உறையவில்லை. ஒரு கீலின் பெயரை அடித்தாள். மூன்றாவது அலமாரியில் மேல்தட்டு மஞ்சளாயிற்று. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்துவிட்டு, உறையைப் போட்டு, ரிப்பனை முடிச்சுப் போட்டாள்.

தை மாதம் கல்யாணம். வடசேரி கெட்ட இடமில்லை. அத்தானும் கெட்டவரில்லை. அதுதான் என் வாயை அடைத்துப்போட்ட விஷயம். யாரும் அவளைக் கண்கலங்க வைக்கவில்லை. பாத்திரக்கடை வீட்டில் பாத்திரத்துக்குக் குறைவில்லாமல் இருந்தாள். அப்பா சாகிறவரை, நல்ல இடத்தில் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏணியும் ஏறிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்க்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அக்காவின் புரோகிராம் இருந்த பிளாப்பியை அம்மா கொஞ்ச நாள் டம்ளருக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு அதுவும் எங்கேயோ போயிற்று.

வருஷங்கள் கழித்து என் ஆபீசில் கம்ப்யூட்டர் ஒன்று பீப் என்று கத்தியது. நீளமாக. நின்று மறுபடி. சரிபார்க்க வந்தவர் ராமை உருவி, சட்டைப் பையிலிருந்து பென்சில் ரப்பர் ஒன்றை எடுத்து அந்தத் தங்கப் பற்களைத் தேய்த்தார். "இங்கே லேசா அழுக்கு இருந்தாலும் எடுக்காது மேடம்" என்றார். மாட்டினார். ஓடியது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் பொட்டுதான். ஒரு பல் விடாமல் வைத்த பொட்டு.

அப்படியானால் அன்று அதை யார் துடைத்தது? செவ்வாய்க்கிழமை வந்த அந்தக் கம்ப்யூட்டர்க்காரர் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை கிளம்பினேன். போன வருஷம் அவள் புற்றுநோய் வைத்தியத்துக்காக இங்கே என் வீட்டில் வந்து தங்கியபோது ஒரு மத்தியானம் ஆரம்பித்தேவிட்டேன். "அக்கா, அந்த விஜயதசமி அன்னைக்கு, அந்த ராமு..."

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, எனக்குக் கொஞ்சம் கஞ்சி வச்சுத் தாயேன். நாரத்தங்கா ஊறுகா கூட."

கஞ்சி வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். நான் மறுபடி ஆரம்பிக்கவில்லை. சித்திரையில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வடசேரி போயிருந்தேன். கூட்டம் தாங்காமல் மாடியில் அக்கா மகளின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மேசைமேல் பெரிய கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, சில ஆணிகள், அடியில் ஒரு பச்சை மீன். வாலில் பல் தடம். எடுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. வயிற்றுப் பக்கம் வரிவரியாக மெல்லிய கோடுகள், அவற்றுக்குள் மங்கிய மஞ்சள், ஓர் ஓரத்தில் துளிச் சிவப்பு.

"அது அம்மாக்குள்ளதாக்கும் சித்தி" என்றாள் பெண். "இந்தக் கம்ப்யூட்டருக்கு அம்மாதான் ராம் கூட்டி மாட்டினா. அப்பா ஆளக் கூப்பிடுகேன்னு சொன்னாரு. அம்மா வேண்டாம்னுட்டா. மாட்டுகதுக்கு முன்னால இதை எடுத்து அந்தத் தங்கம் மாதிரி இருக்குல்லா, அங்க ஒரு தடவ தேச்சா. இது இறுகிப்போச்சு, ஒண்ணும் போவாதுன்னேன். புதுசுக்கு எதுக்கும்மான்னும் கேட்டேன். புதுசா இருந்தாலும் துடைக்கணும் மக்ளே, யாராவது பாசத்துல பொட்டு வச்சிருப்பான்னு சொல்லிட்டுச் சிரிச்சா. என்ன சொன்னான்னே எனக்கு வெளங்கல்ல."

அந்த உள்ளறையில், என் ரப்பரை எடுத்து, தன் பக்கத்து ஒரே சாட்சியை அவளே அழித்துவிட்டு வந்து அப்பா கையில் கொடுத்திருக்கிறாள். நான் அடி வாங்கக்கூடாது என்பதற்காக. இருபத்தெட்டு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை முதலில் கேட்டவள் அவள்தான். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மீனை என் கையிலிருந்து வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, அது ஓடியிருந்தா அம்மாக்கு அந்த வேல கெடச்சிருக்குமா?"

கீழே அத்தான் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

"கெடச்சிருக்கும் மக்ளே" என்றேன். "அது ஓடினதை நான் பாத்தேன்."